அத்தர் உங்கள் தோலில் ஏன் வேறு மாதிரி மணக்கிறது?

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"நோன்புப் பெருநாளுக்காக அரபு ஸ்திரீட்டில் 6 மில்லி அத்தர் ஒன்று வாங்கினேன். மல்லிகையும் ஊது எனும் அகில் மர எண்ணெயும் கலந்தது என்றார்கள். கடையில் காகிதப் பட்டையில் தொட்டு நீட்டியபோது முதலில் எலுமிச்சை மாதிரி ஒரு வாசம், பின்னாலேயே மல்லிகை. சொக்கிப் போய் வாங்கிவிட்டேன். வீட்டில் தடவிப் பார்த்தால் கால் மணி நேரத்தில் எலுமிச்சை போய்விடுகிறது. மாட்டுத்தொழுவ நெடி போல ஒன்று வருகிறது. அப்புறம் அதுவும் தணிந்து நன்றாகிவிடுகிறது. ஆனால் வேலையிடத்தில் பதினொரு மணிக்கெல்லாம் எனக்கு எதுவும் தெரிவதில்லை. இதையே என் கணவர் போட்டால் இரவு இஷா தொழுகை வரை மணக்கிறது. எண்ணெயில் கலப்படமா, என் உடம்புவாகா? இன்னொன்று, கழுத்தில் தடவும் இடத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. அரிப்பு இல்லை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?"

சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசியில் இருக்கும் கழுத்து விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்குப் பொறுமையாக வரலாம், இது காத்திருக்கக் கூடாது. இன்றைக்கே கழுத்தில் தடவுவதை நிறுத்துங்கள். வேறு அத்தரோ சென்ட்டோகூட அங்கே வேண்டாம்.

எலுமிச்சை மாதிரி என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் எலுமிச்சை இனப் பழமான பெர்கமாட்டின் எண்ணெயாக இருக்கும். முதல் வீச்சுக்காக வாசனைக் கலவைகளில் அதிகம் சேர்ப்பது அதைத்தான். அந்தப் பழத்தின் தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெயில் பெர்காப்டன் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு தோலைப் பொசுக்கிவிடும். வெளுத்த தோலில் சிவந்து தெரியும். நம்முடைய மாநிறத்தில் சிவப்பு கண்ணில் படாமலே போய், சில நாள் கழித்துப் பழுப்பாக வெளிப்படும். எண்ணெய் வழிந்த தடத்திலேயே விழும் என்பதால் கோடாகவோ சொட்டுச் சொட்டாகவோ இருக்கும். நீங்கள் எழுதியிருப்பது அதற்குப் பொருந்துகிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைகூடத் தள்ளி இல்லை. நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடும் நாள்கள் இங்கே அடிக்கடி வரும். பஸ் நிறுத்தம் வரை நடப்பதே போதும்.

ஆனால் வாசனைப் பொருளின் ஒவ்வாமையாலும் இப்படிக் கருமை படியலாம், சில சமயம் அரிப்பே இல்லாமல். எது என்று என்னைப் போல எண்ணெய் கலப்பவர் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். தேவைப்பட்டால் நேஷனல் ஸ்கின் சென்டருக்கு அனுப்புவார்கள். முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளை ஒட்டி, எந்தப் பொருளுக்குத் தோல் எதிர்வினை காட்டுகிறது என்று பார்க்கும் சோதனை உண்டு.

அதுவரை இரண்டு காரியம் செய்யாதீர்கள். கறை போகட்டும் என்று எலுமிச்சம்பழத்தைத் தேய்க்க வேண்டாம். நம் வீடுகளில் முதலில் கை போவது அதற்குத்தான், ஆனால் பெர்கமாட்டில் இருக்கும் அதே வகைப் பொருள்கள் எலுமிச்சையிலும் இருக்கின்றன. பட்ட இடத்திலேயே மறுபடி படும். இரண்டாவது, யாரோ ஆன்லைனில் விற்கிற வெள்ளையாக்கும் கிரீம். பாதரசமும் வீரியமான ஸ்டீராய்டும் கலந்த இத்தகைய கிரீம்களைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. இந்தப் பழுப்பு வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் தானாகவே மங்கும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். துப்பட்டாவோ முக்காடோ மறைத்தால் நல்லது, இல்லாவிட்டால் வாசனை இல்லாத சன்ஸ்கிரீன் போடுங்கள்.

சரி, இனி வாசனைக்கு வருவோம்.

அத்தர் என்பது ஒரே பொருள் அல்ல. பல பொருள்கள் சேர்ந்த கலவை. ஒவ்வொன்றும் தோலைவிட்டு வெளியேற ஒவ்வொரு நேரம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் பாட்டிலில் இருக்கக்கூடியவற்றையே வரிசையாகப் பாருங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வகை எண்ணெய்களின் முக்கியப் பொருளான லிமோனின் 176 டிகிரி செல்சியசில் கொதிக்கும். மல்லிகையின் இனிப்பைத் தரும் பென்சைல் அசிட்டேட்டுக்கு 210-க்குச் சற்று மேல். அதே மல்லிகையில் இருக்கும் இண்டோலுக்கு 254. சந்தனத்தின் சாண்டலாலுக்கு 300-ஐ ஒட்டி. தோலில் எதுவும் கொதிக்கப் போவதில்லைதான், ஆனால் எது முந்தி ஆவியாகும், எது பிந்தும் என்பது ஏறக்குறைய இந்த வரிசைப்படியே நடக்கும். லிமோனின் கால் மணி நேரத்தில் போய்விட்டது என்றால் எண்ணெய் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். எலுமிச்சை வாசம் மாலை வரை நிற்கிற அத்தரைப் பார்த்தால்தான் எனக்கு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற கேள்வி வரும்.

இதில் மல்லிகை கவனிக்க வேண்டிய பூ. அதில் இண்டோல் என்று சொன்னேனே, அதைத் தனியாக முகர்ந்தால் முகம் சுளிப்பீர்கள். மலத்தின் நாற்றத்திலும் அது உண்டு. கொஞ்சமாகக் கலந்திருக்கும்போதுதான் மல்லிகைக்கு அந்தக் கிறக்கம் வருகிறது. தேக்காவில் சாயங்காலம் வாங்கி வைத்த சரத்தை மறுநாள் காலையில் எடுத்து முகர்ந்திருப்பீர்கள். பச்சை வாசம் போய், கனத்து, லேசாக அழுகல் கலந்து இருக்குமல்லவா? உங்கள் மணிக்கட்டிலும் அதில் ஒரு பங்கு நடக்கிறது. இனிப்பான பொருள்கள் முந்திக்கொண்டு கிளம்பிவிட, இண்டோல் பின்தங்கிவிடுகிறது.

தொழுவ நெடிக்கு இதைவிடப் பெரிய காரணம் ஊதுதான். அகில் மரத்தைப் பூஞ்சை தாக்கும்போது மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே ஊதின் வாசம். பிசின் ஏறிய கட்டையைச் சீவி, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு வடிப்பது பல இடங்களில் வழக்கம். அஸ்ஸாம் பக்கத்து ஊதுக்கு அந்த ஊறலில் ஏறும் புளிப்பும் தொழுவ வாசமும் அடையாளமாகவே ஆகிவிட்டன. மலேசியா, இந்தோனேசியா பக்கத்து எண்ணெய்களில் அது பொதுவாகக் குறைவு. அந்த நெடி முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் தணிந்து, அடியிலிருந்து தேனும் பழைய மரமும் கலந்த ஒரு இனிப்பு எழும்பும். நீங்களே "அப்புறம் நன்றாகிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊது பிரியர்கள் காசு கொடுப்பது அந்த "அப்புறம்" வருவதற்காகத்தான். வாங்குபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். சொல்லாமல் விற்றால் அவர் வீட்டுக்குப் போய் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார், அதில் நியாயமும் இருக்கிறது.

கடையில் ஏன் இதெல்லாம் தெரியவில்லை? காகிதத்துக்குச் சூடு கிடையாது. ஏர்கான் போட்ட கடையில் பட்டையும் குளிர்ந்தே இருக்கும், ஒவ்வொரு கட்டமும் மெதுவாக நகரும். உங்கள் தோலின் மேற்பரப்பு 32, 33 டிகிரி இருக்கும். அதில் எண்ணெய்ப் பசையும் வேர்வையும் உண்டு, காலையில் போட்ட சோப்பின் மிச்சமும் லோஷனும்கூட. காகிதத்தில் ஒரு மணி நேரம் ஆகிற மாற்றம் கையில் கால் மணி நேரத்தில் முடிந்துவிடலாம். பட்டையில் நீங்கள் முகர்ந்தது முதல் சில நிமிடங்களை மட்டும்தான். அதோடு, நாலைந்து பாட்டிலுக்குப் பிறகு மூக்கு மந்தமாகிவிடும். சில கடைகளில் காப்பிக்கொட்டையை நீட்டுவார்கள். அதனால் பெரிய பயன் இல்லை, அதுவும் இன்னொரு வாசனைதானே. ஐந்தடிப் பாதைக்கு வந்து வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும்.

பதினொரு மணிக்கு ஒன்றும் தெரிவதில்லை என்கிறீர்கள். அத்தர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாறாமல் வந்துகொண்டிருக்கும் வாசனையை மூளை சிறிது நேரத்தில் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். அடுத்த மேசைக்காரருக்கு மணக்கும், உங்களுக்கு மணக்காது. இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. கலவைகளின் அடியில் நெடுநேரம் நிற்பதற்காகச் சேர்க்கும் கஸ்தூரி வகைச் செயற்கைப் பொருள்களில் சிலவற்றை, சிலரால் பிறவியிலேயே முகர முடியாது. பொருளுக்குப் பொருள், ஆளுக்கு ஆள் இது மாறும். உங்கள் கணவருக்குத் தெரிகிற ஒன்று உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். கண் நிறம்போல ஒரு அமைப்பு.

அப்புறம் ஏர்கான். வெளியே 31, 32 டிகிரி சூட்டிலும் ஈரக் காற்றிலும் இருந்துவிட்டு 23 டிகிரி அலுவலகத்துக்குள் நுழைகிறீர்கள். தோல் குளிர்கிறது, ஆவியாவது குறைகிறது, கனமான பொருள்கள் அடங்கிவிடுகின்றன. மதியம் சாப்பிடக் கீழே உணவங்காடிக்கு இறங்கும்போது முழங்கை மடிப்பை முகர்ந்து பாருங்கள், வேகும் வெயிலில் அது மறுபடி எழுந்து வந்திருக்கும். சாராயம் கலந்த சென்ட்டில் எத்தனால் விறுவிறுவென்று ஆவியாகும்போது வாசனையையும் நாலு பக்கமும் தூக்கிக்கொண்டு போகும். அத்தரில் அந்தத் தூக்கல் இல்லை. அது உடம்பை ஒட்டியே மணக்கும், பக்கத்தில் வருகிறவருக்குத்தான் தெரியும். காலை நேர எம்ஆர்டி நெரிசலில் அதுவே நல்லது என்பேன்.

கணவருக்கு ஏன் நிற்கிறது? பொதுவாக ஆண்களின் தோலில் எண்ணெய்ச் சுரப்பு கூடுதல். வாசனைப் பொருள்கள் கொழுப்பில் கரைபவை. பசையுள்ள தோல் அவற்றைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், வறண்ட தோல் சீக்கிரம் விட்டுவிடும். கையிலும் மார்பிலும் இருக்கும் முடியும் பிடித்துவைக்கும். அவர் சட்டைக் காலரிலும் தடவுகிறாரா என்று கேளுங்கள், பெரும்பாலும் அதுதான் இருக்கும். துணியில் சூடும் வேர்வையும் குறைவு, அத்தர் நாள்கணக்கில்கூட நிற்கும். தோலின் அமிலத்தன்மைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பசை, சூடு, வேர்வை, ஏற்கெனவே தடவியிருக்கும் சோப்பும் லோஷனும் ஆகிய இவற்றோடு ஒப்பிட்டால் அதற்குச் சிறிய பங்குதான் என்பது என் கருத்து.

ஒரு விடுமுறை நாளில் இருவரும் வாசனையில்லாத சோப்பால் குளித்துவிட்டு, முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில் ஒரே அளவு தொட்டு வையுங்கள். நாலு மணி நேரம் கழித்து அவர் உங்கள் கையையும் நீங்கள் அவர் கையையும் முகர்ந்து பாருங்கள், சொந்தக் கையை அல்ல. உங்கள் கையிலும் இருக்கிறது என்று அவர் சொல்வார் என்றே நினைக்கிறேன். ஆனால் மருத்துவரைப் பார்த்து, தோலுக்கு ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு மட்டும்.

கலப்படமா என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இன்றும் செம்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் போட்டு, மண்ணால் மூடி அடைத்து, மூங்கில் குழாய் வழியாக வரும் ஆவியைச் சந்தன எண்ணெய் இருக்கும் குடுவைக்குள் இறக்குகிறார்கள். பூவின் வாசத்தைச் சந்தனம் வாங்கிக்கொள்கிறது. சந்தனம் மெதுவாக ஆவியாவதால் பூவும் அதன் மடியில் நின்று மணக்கிறது. பழைய அத்தர்கள் நெடுநேரம் நின்றதற்கு அதுதான் காரணம். இப்போது சந்தன எண்ணெயின் விலை எங்கேயோ போய்விட்டது. சந்தைக்கு வரும் வாசனைத் தைலங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடி எண்ணெய் டைபுரொப்பிலீன் கிளைக்கால், ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட் போன்ற வாசனையற்ற திரவங்கள்தான். அவை தோலுக்குக் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தனம் செய்கிற வேலையை அவை செய்யாது. அடியில் வேறு கனமான பொருள் இல்லாவிட்டால் வாசனை சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஊதும் அப்படியே. தென்கிழக்காசியாவின் முக்கிய அகில் மரமான அக்குவிலாரியா மலாக்கென்சிஸ், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இருக்கிறது. அந்த வணிகத்தில் சிங்கப்பூர் முக்கியமான கைமாறுமிடம் என்பதால் இங்குள்ள கடைகளுக்கு இது நன்றாகவே தெரியும். பத்து, பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் 6 மில்லி பாட்டிலில் அசல் ஊது பேருக்குத்தான் இருக்க முடியும், மீதி ஊது போல மணக்கும்படி கலந்தது. கலந்ததைக் கலந்தது என்று சொல்லி விற்றால் தவறில்லை, அழகான கலவைகளும் உண்டு. அசல் என்று சொல்லி அசல் விலைக்கு விற்றால்தான் அது மோசடி. நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள், என்ன சொல்லி விற்றார்கள் என்று கடிதத்தில் இல்லை. பதில் அதில்தான் இருக்கிறது.

தடவும் முறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளித்துத் துவட்டியதும், வாசனையில்லாத லோஷனோ துளி வாசலினோ தேய்த்த தோலில் வையுங்கள்; வறண்ட தோலுக்கு இது நன்றாகவே கைகொடுக்கும். மணிக்கட்டைவிட முழங்கை மடிப்பு மேல், கை கழுவும்போது போகாது. கையோடு கை தேய்த்தால் வாசனை நசுங்கிப் போகும் என்பார்கள். நசுங்காது, சூட்டில் முதல் வாசம் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பும், அவ்வளவுதான். போதவில்லையே என்று மேலும் மேலும் பூச வேண்டாம், மூக்கு மந்தமானது உங்களுக்கு மட்டும்தான். துணியில் வைப்பதானால் பருத்தியின் உள்மடிப்பில் வையுங்கள். பட்டில் எண்ணெய்க் கறை போகவே போகாது. வெனிலா சேர்ந்த அத்தர் வெள்ளைத் துணியைப் பழுப்பாக்கிவிடும்.

பாட்டில் குளியலறையில் இருக்கக் கூடாது, மேற்கு வெயில் விழும் சன்னல் திட்டிலும் கூடாது. லிமோனினும் பூக்களில் இருக்கும் லினலூலும் காற்றுப்பட்டு ஆக்சிகரணம் அடைந்தால், ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறும். பாதி காலியான பழைய பாட்டிலில் டர்பன்டைன் வாடை வந்தால் தோலில் தொடவே வேண்டாம். சந்தனமும் வெட்டிவேரும் வருடக்கணக்கில் வைத்தால் இன்னும் முதிர்ந்து மணக்கும், எலுமிச்சை சேர்ந்தவை அப்படி அல்ல.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. வாசனை மாறுகிறது என்பதற்காகத் திருப்ப வேண்டாம், அதில் பழுது எதுவும் எனக்குத் தெரியவில்லை. கழுத்துக்காகக் கடைக்குப் போகத்தான் வேண்டும். இங்கே விற்கும் அழகுசாதனப் பொருள் எதுவானாலும், வாசனைத் தைலம் உட்பட, விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் தெரிவித்திருக்க வேண்டும். சேர்மானப் பட்டியலும், தயாரிப்புத் தொகுதி எண்ணும், பொறுப்பான நிறுவனத்தின் பெயரும் இருக்க வேண்டும். பெரிய புட்டியிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் சின்னப் பாட்டில்களில் பெரும்பாலும் பெயர் மட்டும் ஒட்டியிருக்கும். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பெர்கமாட் இருக்கிறதா, இருந்தால் பெர்காப்டன் நீக்கியதா என்றும் கேளுங்கள். நீக்கிய எண்ணெய் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது, நல்ல கலப்பவர் அதைத்தான் வாங்குவார். மரியாதையாகக் கேட்டும் பட்டியல் தர மறுத்தால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அதில் இருப்பதை ஒரு சொட்டாவது மருத்துவரிடம் காட்டிய பிறகு திருப்புங்கள். பட்டை ஒட்டும் சோதனைக்கு அந்த எண்ணெயே தேவைப்படலாம்.

கணவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால் அவர் சட்டையில் தொடர்ந்து போட்டுக்கொள்ளட்டும். தோல் மருத்துவர் உங்களுக்குத் தடையில்லை என்று சொன்ன பிறகு, அடுத்த முறை கடைக்குக் காலையிலேயே போங்கள். எலுமிச்சை வாடையே இல்லாத சந்தனமோ வெட்டிவேரோ கேளுங்கள். ஒன்றை மட்டும் முழங்கை மடிப்பில் தொட்டுக்கொண்டு, வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். சுல்தான் பள்ளிவாசல் பக்கம் நடந்து, எங்கேயாவது சாப்பிட்டு, கொஞ்சம் வேர்த்து, கொஞ்சம் ஏர்கானில் உட்கார்ந்து, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகும் பிடித்திருந்தால் போய் 3 மில்லி பாட்டிலாக வாங்குங்கள். 12 மில்லி வாங்கினால் விலை குறைவு என்பார்கள். முதல் தடவைக்கு 3 போதும்.